தறிக்குழிக்கு ஒரு காவல்

காஞ்சிபுரம் செவிலிமேட்டில் பட்டுத்தறி போட்ட வீடுகளில் தரைக்குக் கீழேயும் ஓர் இடம் உண்டு. அதுதான் தறிக்குழி. நெசவாளர் அதன் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிப்பலகையை மிதிப்பார். மண்ணின் ஈரம் இழைக்கு நல்லது. அந்த ஈரத்தில் வெறுங்காலோடு இருக்கிறவருக்கு ஷாக் அடித்தால்தான் ஆபத்து.

அங்கே ஒரு நெசவாளர் தறிக்கூடத்தைப் புதுப்பித்தார். தறிக்கு மேலே ஒட்டுப்போட்ட வயரில் பல்பு தொங்கியது. தார் சுற்றும் மோட்டாருக்கான எக்ஸ்டென்ஷன் பெட்டி குழி ஓரத்திலேயே கிடந்தது. பக்கத்தில் ஜரிகை. அதில் வெள்ளி இருக்கிறது. வெள்ளியைவிட நன்றாக மின்சாரம் கடத்தும் உலோகம் கிடையாது.

"எம்.சி.பி. புதுசா போட்டாச்சே தம்பி, போதாதா?" என்றார் நெசவாளர்.

"அது வயரைக் காப்பாத்தும்ணே. ஆளைக் காப்பாத்தாது" என்றார் வயர்மேன்.

விஷயம் இதுதான். 6 ஆம்பியர் எம்.சி.பி., 6,000 மில்லி ஆம்பியரைத் தாண்டினால்தான் விழும். மனித உடம்பிலோ 30 மில்லி ஆம்பியருக்கு மேல் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., போன மின்சாரம் முழுதாகத் திரும்பி வருகிறதா என்று பார்க்கும். குறைந்தால் கண் இமைப்பதற்குள் சப்ளையைத் துண்டிக்கும்.

செலவை நினைத்து அவர் தயங்கினார். கோர்வைக்குப் பக்கத்தில் உட்காரும் மனைவிதான் முடிவு சொன்னார்: "இழை அறுந்தா முடிஞ்சுக்கலாம்ங்க. உங்களுக்கு ஒண்ணுன்னா என்ன பண்றது?"

ஆர்.சி.சி.பி. வந்தது. ஒட்டு வயர் போய், பைப்புக்குள் புது வயர் சுவரின் மேல்பக்கமாக ஓடியது. பிளக் பாயின்ட் குழியிலிருந்து தள்ளி, இடுப்புக்கு மேலே ஏறியது. மோட்டாருக்கு மூன்று பின் பிளக். அதன் பச்சை வயர், வாசலில் புதிதாகப் போட்ட எர்த்தில் சேர்ந்தது. இனி மோட்டார் உடம்பில் கசிவு வந்தால், கை படுவதற்கு முன்பே ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும்.

கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரத்தை 2023 முதல் அரசு இலவசமாகத் தருகிறது. இலவச மின்சாரமும் ஷாக் அடிக்கும். அதனால் மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி.யின் 'டெஸ்ட்' பட்டனை அழுத்துங்கள். 'டக்' என்று விழ வேண்டும். விழவில்லையா? மெயினை அணைத்துவிட்டு, முதலில் வயர்மேனைக் கூப்பிடுங்கள். தறி ஒரு நாள் காத்திருக்கும்.