கண்ணோடு ஒட்டிப் பிடிக்கும் கேமரா

சனி, மாலை

லூமிக்ஸ் எல்எக்ஸ் 100 கைக்கு வந்துவிட்டது. பானாசோனிக் 2014இல் வெளியிட்ட மாடல். நான் வாங்கியது ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்தியது. “ஃபோன்லயே நல்லா வருதே, இது எதுக்கு?” என்று வீட்டில் கேட்டார்கள். கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்காக என்றேன். மதுரை வெயிலில் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, கறுத்துப்போன திரையில் என்ன தெரிகிறது என்று ஊகித்தே படமெடுத்து அலுத்துவிட்டது.

பாட்டரி, கார்டு சேர்த்து 393 கிராம். மேலே ஷட்டர் வேகத்துக்கு ஒரு டயல், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க இன்னொரு டயல். லென்ஸைச் சுற்றி அபெர்ச்சர் வளையம். எந்த அளவில் வைத்திருக்கிறேன் என்பது கேமராவை ஆன் செய்யாமலே தெரிகிறது. மெனுவுக்குள் நுழைந்து தேடும் வேலை இல்லை. எனக்கு இது பெரிய நிம்மதி.

ஞாயிறு, காலை

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். மல்லிகைக் குவியலுக்கு முன்னால்தான் இந்த வியூஃபைண்டரின் அருமை புரிந்தது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் அளவு வெளிச்சம் உடையது என்றே கேமராவின் மீட்டர் கணக்குப் போடும். அதனால் வெள்ளைப் பூ அழுக்கு வெள்ளையாக விழும். கண்ணாடி வழியே நேராகப் பார்க்கும் பழைய வியூஃபைண்டரில் பூ எப்போதும் பூவாகத்தான் தெரியும். படத்தில் அது மங்கிவிட்டது எடுத்த பிறகுதான் தெரியவரும். இதிலோ மங்கல் கண் முன்னாலேயே இருக்கிறது. கட்டைவிரலால் டயலை ஒரு புள்ளி கூட்டினேன். மல்லிகை வெளுத்தது. இன்னும் கூட்டினால் ஈரம் மின்னும் இதழ்கள் வெறும் வெண்மையாகிவிடும் என்பதும் தெரிந்தது. அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

சரம் கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா கேட்டார்: “ஏந்தம்பி, ஃபோன்ல எடுக்குறவுக மொகத்தப் பாத்து எடுக்குறாக. நீ என்ன, மூஞ்சிய மறச்சுக்கிட்டு நிக்கிற?”

நியாயமான கேள்வி. வியூஃபைண்டரில் கண் வைத்ததும் என் முகம் எதிரில் இருப்பவருக்கு இல்லாமல் போகிறது. நான் எதைப் பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரிவதில்லை. கேமராவை இறக்கி, அவரோடு கொஞ்ச நேரம் பேசி, “எடுத்துக்கட்டுமாம்மா?” என்று கேட்ட பிறகே எடுத்தேன். மனிதர்களை எடுக்கும்போது இனி இதுதான் வரிசை: முதலில் முகம், பிறகு பேச்சு, கேமரா கடைசியில்.

திங்கள், இரவு

மாடியிலிருந்து தெருவிளக்கை நோக்கிக் கேமராவைச் சட்டென்று திருப்பினால் விளக்கின் விளிம்பு சிவப்பு, பச்சை, நீலமாகச் சிதறுகிறது. கேமராவில் கோளாறு இல்லை. அதன் அமைப்பே அப்படி. வியூஃபைண்டருக்குள் இருக்கும் சிறு திரை மூன்று நிறங்களையும் ஒரே நேரத்தில் காட்டுவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக மிக வேகமாகக் காட்டுகிறது. சேர்த்துப் பார்ப்பது நம் கண். கண் வேகமாக நகர்ந்தால் சேர்க்கை பிசகுகிறது. விளம்பரத்தில் சொல்லப்படும் சுமார் 27.6 லட்சம் புள்ளிகள் மூன்று நிறங்களையும் தனித்தனியே எண்ணிய கணக்கு. உண்மையில் இருப்பது 1280க்கு 720, அதாவது சுமார் 9.2 லட்சம் படப்புள்ளிகள். பகலில் இந்தச் சிதறல் என்னைத் தொந்தரவு செய்யவில்லை. இரவில் செய்கிறது. போதாக்குறைக்கு, இருட்டில் காட்சி மணல் தூவியதுபோல் பொரிபொரியாகிவிடுகிறது. இரவில் வெறும் கண்ணுக்கு ஈடில்லை.

செவ்வாய், நண்பகல்

திருமலை நாயக்கர் மகால். முற்றத்தில் கண் கூசும் வெயில், தூண்களுக்குப் பின்னால் நிழல். பின்திரையை மடக்கவோ நிமிர்த்தவோ முடியாது என்பது இந்தக் கேமராவின் பெரிய குறை. தரையோடு வைத்து எடுக்க நினைத்தால் நாமும் தரையில் படுக்க வேண்டியதுதான். ஆனால் நின்று எடுப்பதற்கு இதைவிட வசதியான கேமராவை நான் தொட்டதில்லை. நெற்றியும் கன்னமும் கேமராவுக்கு முட்டுக் கொடுப்பதால் கை நடுக்கம் குறைகிறது. லென்ஸ் மேலுள்ள சின்ன நகர்த்தியைத் தள்ளினால் சட்டகம் 4:3லிருந்து சதுரத்துக்கு மாறும். உயர்ந்த தூண்களுக்குச் சதுரம் பொருந்தவில்லை. வளைவுகளுக்கு அழகாகப் பொருந்தியது.

இன்று கற்ற இன்னொன்று: வியூஃபைண்டர் கேமராவின் இடது மூலையில் இருப்பதால், வலது கண்ணை அதில் வைத்தால் இடது கண் கேமராவுக்கு வெளியே நிற்கிறது. அதைத் திறந்தே வைத்திருந்தால் சட்டகத்துக்குள் இன்னும் வராத ஆட்கள் தெரிகிறார்கள். தூண் மறைவிலிருந்து ஓடிவந்த பள்ளிப் பிள்ளைகளை அப்படித்தான் முன்கூட்டியே கண்டு காத்திருக்க முடிந்தது. இரண்டு காட்சிகளும் ஒன்றோடொன்று மோதுவதால் முதலில் தலை லேசாகச் சுற்றுகிறது. லென்ஸின் ஜூமை நடுத்தர அளவில் வைத்து, இரண்டு கண்ணாலும் பார்க்கப் பழக வேண்டும்.