ஓ என்று எழுதியிருந்த அட்டை

சேந்தமங்கலத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் கொல்லிமலை கொல்லைச் சுவர்போல எழுந்து நிற்கும். காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சில ஆண்டுகளுக்கு முன் அவற்றுள் ஒன்றில் எங்கள் சித்தப்பா மகன் மோட்டார் சைக்கிளோடு சரிந்து விழுந்தான். ஆனால் நாங்கள் எழுத நினைப்பது அந்த விபத்தைப் பற்றியன்று. அதற்கு ஆறேழு ஆண்டுகள் முன்னதாக எங்கள் வீட்டில் நடந்துவிட்ட ஒன்றைப் பற்றி. அதில் அடிபட்டவர் சித்தி. காரணம் நாங்கள்.

சித்தப்பா மணந்தது தம் அக்காள் மகளை. எங்கள் பக்கத்தில் அது வழக்கம், இன்னும் சரியாகச் சொன்னால் உரிமை. அப்பத்தாவுக்குப் பேத்தியே மருமகள். தம்பி பள்ளியில் படித்த நாளில் ஒரு முகாமில் ரத்தம் சோதித்து ‘ஓ பாசிட்டிவ்’ என்று அட்டை கொடுத்தார்கள். சித்தி ஓ. லாரி ஓட்டும் சித்தப்பா ஏபி. ஓட்டுநர் உரிமத்திலேயே அச்சிட்டிருந்தது. எங்களில் மூத்தவன் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. இரவுச் சாப்பாட்டின்போது, உயிரியல் படித்த பெருமிதத்தில், “ஏபி அப்பாவுக்கு ஓ பையன் பொறக்க மாட்டானே” என்றான்.

பாடநூலின்படி அவன் சொன்னது சரிதான். தாய் ஒரு மரபணுவும் தந்தை ஒரு மரபணுவும் தருகிறார்கள். ஏபி தகப்பனிடம் ஏ ஒன்று, பி ஒன்று. இரண்டில் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். ஓ பிள்ளைக்கோ இரு பக்கத்திலிருந்தும் ஓ வரவேண்டும். கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901இல் ரத்த வகைகளைப் பிரித்தறிந்து, 1930இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். அத்தகைய அறிவை வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு பெண்ணின் சோற்றுத்தட்டில் மண்ணைப் போட்டோம்.

யாரும் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சித்தியும் பதில் சொல்லியிருப்பார். சித்தப்பா லோடு இறக்கிய பின்னும் வீடு திரும்ப நாள் எடுத்துக்கொள்ளலானார். அவ்வளவுதான்.

விபத்தன்று தம்பிக்கு ரத்தம் வேண்டியிருந்தது. ஓ ரத்தம் எங்கும் கிடைக்கும் என்று நிம்மதியாக இருந்தோம். ஆனால் ஏற்றுமுன் பொருத்தம் பார்த்தபோது முதல் பை சேரவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் சேரவில்லை. பெற்ற தாயின் ஓ ரத்தமே அவனுடைய ரத்தநீரில் பட்டதும் திரிதிரியாகக் கட்டிக்கொண்டது. உடலுக்குள் அப்படி நேர்ந்தால் சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீரகம் செயலிழந்து, உயிரே போகலாம். ரத்த வங்கி மருத்துவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “பெற்றோர் சொந்தமா?” என்று கேட்டார்.

பம்பாய் வகை என்பதை அன்றுதான் கேள்விப்பட்டோம். 1952இல் பம்பாயில் மருத்துவர் பெண்டேயும் உடன் ஆய்ந்தோரும் கண்டு உலகுக்கு அறிவித்தது. நாமக்கல் வட்டாரத்தாருக்கு இதை விளக்குவது எளிது. தொழிற்சாலையிலிருந்து லாரி வெறும் சேஸாக வரும். பாடி கட்டுவது நம் ஊர்ப் பட்டறையில். சிவப்பணுவின் மேல் எச் என்று ஒரு பொருள் உண்டு. அதுதான் சேஸ். அதன்மேல் ஏ பாடியோ பி பாடியோ கட்டப்படுகிறது. ஒன்றுமே கட்டாமல் விட்டால் ஓ. பம்பாய் வகையினருக்கு அந்தச் சேஸே இல்லை. தகப்பனிடமிருந்து ஏ மரபணுவோ பி மரபணுவோ வந்திருந்தாலும் கட்டுவதற்கு இடமில்லை. முகாமில் ஏ, பி மருந்துகளை மட்டும் சொட்டிப் பார்க்கையில் ஓ போலவே தெரியும். ஆனால் எச்சையே அறியாத அந்த உடல், எச் கொண்ட எந்த ரத்தத்தையும் பகையென்று தாக்கும். ஓ ரத்தத்தில்தான் எச் மிகுதி.

ஏ, பி மரபணு ஒன்பதாம் குரோமோசோமிலும் எச் மரபணு பத்தொன்பதாவதிலும் இருக்கின்றன. பழுதான எச் இரு பக்கத்திலிருந்தும் வந்தாலொழியப் பம்பாய் வகை பிறவாது. இந்தியாவில் பத்தாயிரத்தில் ஒருவர் என்பார்கள். ஐரோப்பாவில் இன்னும் அரிது. தாய்மாமனும் அக்காள் மகளும் மரபணுக்களில் ஏறக்குறையக் கால் பங்கைப் பொதுவாகக் கொண்டவர்களாதலால், வீட்டுக்குள் எங்கோ பதுங்கியிருந்த பழுது இரு வழியாகவும் வந்து ஒரே பிள்ளையிடம் சேர்ந்துவிடுகிறது. நிலத்தைப் பிரிக்காமல் காத்த ஏற்பாடு இதையும் சேர்த்தே காத்திருக்கிறது.

எச் உண்டா என்று சோதிக்கும் மருந்து யூலெக்ஸ் என்ற முட்புதரின் விதையிலிருந்து எடுக்கப்படுவது. ஐரோப்பாவிலிருந்து வந்து நீலகிரியில் மஞ்சள் பூவோடு மண்டிக்கிடக்கும் களைச்செடி அது.

ரத்தம் கர்நாடகத்திலிருந்து வந்தது. அறிமுகமில்லாத ஒருவர் இரவுப் பேருந்தில் வந்திறங்கி, கொடுத்துவிட்டு, காப்பி மட்டும் குடித்துவிட்டுப் போனார். 2017இல் மியான்மரில் இதய அறுவைக்குக் காத்திருந்த பெண்ணுக்குப் பெங்களூரிலிருந்து இவ்வகை ரத்தம் அனுப்பப்பட்டதைச் செய்தியில் படித்தபோது அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

தம்பி பிழைத்தான். மருத்துவர் ஒரு தாளின் பின்பக்கம் வட்டமும் சதுரமும் வரைந்து, அப்பத்தாவிலிருந்து கோடிழுத்துச் சித்தப்பாவுக்கு விளக்கினார். சித்தி அந்தத் தாளைக் கேட்டு வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். வீடு திரும்பிய இரவு மூத்தவன் மீண்டும் ஒருமுறை அவரிடம் விளக்க முற்பட்டான். முழுவதும் கேட்டுவிட்டு, “அப்போ இது எங்கம்மா வழியா வந்ததா, கண்ணு?” என்றார்.

ஆமாம் என்றோம். சித்தப்பா அன்று வண்டி எடுக்கவில்லை, திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சித்தி எங்களுக்குச் சோறு போட்டார். மன்னிப்பு மட்டும் நாங்கள் இன்னும் கேட்கவில்லை.