நானுக்கு

போன ஆடியில் மகள் பாரிஸ் பக்கத்துச் சார்செல்லிலிருந்து காரைக்காலை ஒட்டிய நெரவிக்கு வந்திருந்தாள். சம்பந்தி வீட்டார் 1962இல் காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பிறகும் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள். கூட வந்த பேத்திக்கு ஐந்து வயது. சாப்பாட்டில் வறுத்த மீனைத் தள்ளிவிட்டு, "நானுக்கு வேணாம்" என்றாள்.

முப்பது வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தவன் சும்மா இருப்பேனா? "நானுக்கு இல்ல கண்ணு, எனக்கு. எனக்கு வேண்டாம். எங்கே, சொல்லு." சொந்தக்காரர்கள் முன்னால் மூன்று தடவை சொல்லவைத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். காலையில் மீன்காரம்மாவிடம் "சங்கரா வேணாம்மா" என்று நானே சொன்னது நினைவுக்கே வரவில்லை.

அன்று சாயங்காலத்திலிருந்து பிள்ளை என்னிடம் தமிழ் பேசவில்லை. அம்மா காதில் பிரெஞ்சில் சொல்வாள், மகள் எனக்குச் சொல்வாள். விமானம் ஏறும்வரை அப்படித்தான்.

மனசு கேட்காமல் தேடிப் படித்தேன். 1958இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்கப் பெண் ஒரு விநோதப் பிராணியை வரைந்து, 'வக்' என்று பெயர் வைத்துக் குழந்தைகளிடம் காட்டினார். இரண்டாக வரைந்ததும் பெரும்பாலான குழந்தைகள் 'வக்ஸ்' என்றன. உலகத்திலேயே இல்லாத சொல்லை எங்கே கேட்டு மனப்பாடம் செய்திருக்க முடியும்? விதி உள்ளே இருக்கிறது. மாமன், மாமனுக்கு. அண்ணன், அண்ணனுக்கு. அப்படியானால் நான், நானுக்கு. பேத்தி விதியைச் சரியாகத்தான் போட்டிருக்கிறாள், முரண்டு பிடிப்பது 'எனக்கு'தான். 'நான்' என்பது வேற்றுமையில் 'என்' ஆகும் என்று எத்தனை வகுப்பில் நடத்தியிருக்கிறேன்!

இன்னொன்றுதான் அதிகம் சுட்டது. 1970இல் ரோஜர் பிரவுனும் கமீல் ஹான்லனும், தாய்மார் பிள்ளைகளின் பேச்சில் எதை ஒப்புக்கொள்கிறார்கள், எதை மறுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். சொன்னது உண்மையா என்பதைத்தான் அந்தத் தாய்மார் கவனித்தார்கள். இலக்கணப் பிழை அநேகமாகக் கண்டுகொள்ளாமல் போயிற்று. பிள்ளைகளோ தாமாகவே திருந்திக்கொண்டார்கள். நம் 'வேண்டாம்', 'இல்லை' எல்லாம் தமிழ்க் குழந்தையின் வாயில் எப்படி வளர்கின்றன என்று ஆர். வைத்தியநாதன் 1991இல் ஆய்வுக்கட்டுரையே எழுதியிருக்கிறார். நான் அந்த 'வேணாம்' எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. மீனில் முள் இருந்ததாம், மகள் பிறகு சொன்னாள்.

போன மாதம் ஒரு தாளில் மூன்று கால், ஒரு கொம்போடு எதையோ கிறுக்கி, வாட்ஸ்அப் வீடியோவில் காட்டினேன். "இது கிபம். பசியோட நிக்குது. இந்தச் சோறு யாருக்கு?"

நெடுநேரம் படத்தையே பார்த்தாள்.

"கிபத்துக்கு."

மரம், மரத்துக்கு, குளம், குளத்துக்கு. கிபமும் அந்த வரிசையில் போய் நின்றுவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. அவளே கேட்டாள்: "தாத்தா, கிபத்துக்கு மீன் புடிக்குமா?"

"முள்ளு எடுத்துக் குடுத்தா சாப்பிடும்" என்றேன்.

"நானுக்கும்" என்றாள்.