தோளுக்குப் பின்னால்

தந்தையாரின் நினைவுநாளுக்காக அவரது பழைய புகைப்படமொன்றை ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் அசைத்துப் பார்த்தோம். உருவத்தை வெட்டித் தனி லேயராக முன்னிறுத்தி, பின்னணியை ஆழத்திற்குத் தள்ளி, கேமராவுக்கு இரண்டு கீஃப்ரேம்கள் வைத்தோம். அருகிலுள்ளது விரைந்தும் தொலைவிலுள்ளது தயங்கியும் நகர்வதால் விளையும் மயக்கமே ஆழம். 1937இல் ‘தி ஓல்ட் மில்’ குறும்படத்திற்காக டிஸ்னி நிறுவனத்தார் கண்ணாடித் தளங்களில் தீட்டிய காட்சிகளை அடுக்கிச் சாதித்ததும் இதுவே. ஓவியர்களாதலால் மறைந்திருப்பதையும் அவர்கள் வரைந்துகொள்ளலாம். புகைப்படத்திற்கு அந்த வசதியில்லை.

கேமரா நகர நகர, தந்தையாரின் தோளோரம் வெற்றிடம் திறந்துகொண்டது. சுவராகத்தான் இருக்குமென்று சுண்ணாம்பு நிறத்தைப் பூசி அடைத்தோம்.

அம்மாவிடம் காட்டினோம்.

“அங்க ஒரு சன்னல் இருந்துச்சே” என்றார்.

எப்படிப்பட்ட சன்னலென்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. பூச்சை அழித்துவிட்டு, கேமராவின் நகர்வைப் பாதியாகக் குறைத்தோம்.