கூடப் போக ஓர் ஆள்

எங்கள் தெருவில் ஒரு கட்டிடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. அதன் வாட்ச்மேன் குடும்பத்தோடு அங்கேயே தங்கியிருக்கிறார். மகளுக்குப் பத்து வயசு. செங்கல் சூளையிலிருந்து இங்கே வந்ததில் படிப்பு நின்றுபோச்சு. பக்கத்து அரசுப் பள்ளியில் கேட்டிருக்கிறார். "டி.சி. இல்லாம சேர்க்க முடியாதுன்னுட்டாங்க சார்" என்றார். டி.சி.க்காக ஊருக்குப் போனால் இரண்டு நாள் கூலி போச்சு.

2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைக்கு, டி.சி. வரத் தாமதம் என்று அரசுப் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது. வயசுச் சான்று இல்லை, ஜூன் தாண்டிவிட்டது என்றெல்லாம் திருப்பி அனுப்பவும் கூடாது. வயசுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சியும் தரவேண்டும்.

இதைச் சொன்னதும் வாட்ச்மேன் சிரித்தார். "நீங்க சொன்னா கேப்பாங்க சார். நான் சொன்னா?"

சரி என்று கூடப் போனேன். ஹெட்மாஸ்டர் எனக்கு நாற்காலி காட்டினார். பெண்ணைப் பெற்றவர் நின்றுகொண்டே இருந்தார். பத்தே நிமிஷம், ஐந்தாம் வகுப்பில் பேர் எழுதியாச்சு. நான் புதுசாக எதுவும் பேசவில்லை. போன மாசம் அவர் கெஞ்சிக் கேட்டதையே, சட்டையை இன் பண்ணிக்கொண்டு கேட்டேன். அவ்வளவுதான்!

உரிமையைச் சட்டத்தில் எழுதிவிடலாம். நாற்காலியை எழுத முடியாது. உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாவின் பிள்ளை ஸ்கூலுக்குப் போகிறதா? கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால், ஒரு காலை நேரம் கூடப் போய் நில்லுங்கள். காசு செலவில்லை.