ஏவலும் அறிவும்

நகரத்துக் குடியிருப்புகளில் வாழும் நம்மவர் இல்லங்களில் பரணைத் துழாவினால், ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளை அண்டாவுக்குப் பின்னால் வானொலி அலையால் இயங்கும் பொம்மைக் கார் ஒன்று அகப்படக்கூடும். பிறந்தநாளுக்கு வந்து, ஒரு திங்கள் ஓடி, ரிமோட் தொலைந்ததும் பரணேறிய காராக அது இருக்கும். மும்பை மாதுங்காவில் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த அத்தகைய காரை, என் பேத்தி தன் 13ஆம் வயதில் இறக்கிக் கொண்டுவந்து என்முன் வைத்தாள்.

“தாத்தா, இதுக்கு ரிமோட் வேண்டாம். நாம இதை ரோபோ ஆக்கிடலாம்.”

தொலைபேசித் துறையில் கம்பிகளோடும் ரிலேக்களோடும் பணிக்காலத்தைக் கழித்தவன் நான். அச்சொல் என் ஓய்ந்த கைகளுக்குப் புத்துயிர் அளித்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நான்கு திருகாணிகளைக் கழற்றியதும் காரின் உட்புறம் தெரிந்தது. பின்சக்கரங்களைச் சுழற்ற ஒரு மோட்டார். முன்சக்கரங்களை இடமும் வலமும் திருப்ப மற்றொன்று. நடுவே அலைவாங்கும் பலகை. இவ்வகை மலிவுப் பொம்மைகள் பலவற்றில் டி.எக்ஸ்.-2, ஆர்.எக்ஸ்.-2 என்னும் இணைச் சில்லுகள் இருக்கும். முன்னது ரிமோட்டிலிருந்து துடிப்புகளை அனுப்பும். பின்னது காரில் இருந்தபடி அவற்றை எண்ணும். 10 துடிப்பு என்றால் முன்னே செல். 40 என்றால் பின்னே வா. எதிரே சுவர் இருந்தாலும் 10 என்றால் சென்று முட்டத்தான் முட்டும். ஏவியதைச் செய்வதன்றி வேறெதுவும் அது அறியாது.

நிக்கோலா டெஸ்லா 1898இல் நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில் அலையால் இயக்கிக் காட்டிய சிறு படகும் இவ்வகையே. நீரில் மிதந்தது படகு. பார்த்ததும் நினைத்ததும் வெளியே நின்ற மனிதர். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1948-49இல், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கிரே வால்டர் என்னும் நரம்பியல் அறிஞர் செய்த எந்திர ஆமைகள் வேறு வகை. இரண்டே வெற்றிடக் குழாய்களைக் கொண்டிருந்த அவை ஒளியை நாடிச் சென்றன. தடையில் முட்டினால் தாமே விலகின. பொம்மைக்கும் ரோபோவுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. எங்கள் காரும் படகின் குலத்திலிருந்து ஆமையின் குலத்துக்கு மாறவேண்டியிருந்தது.

ஒரு சனிக்கிழமை மாதுங்கா ரோடு நிலையத்தில் ரயிலேறி, கிராண்ட் ரோடில் இறங்கி, லாமிங்டன் சாலைக் கடைகளில் மூன்று பொருள்கள் வாங்கினோம். முதலாவது ஆர்டுயினோ பலகை. 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில், மின்னணுவியல் பயிலாத மாணவரும் கையாளட்டும் என்று உருவானது அது. அதிலுள்ள நுண்கட்டுப்படுத்திச் சில்லு, நாம் எழுதித் தரும் கட்டளைகளை நினைவில் வைத்து நிறைவேற்றும். ஆயினும் அதன் ஒரு முனை துன்பமின்றித் தரக்கூடிய மின்னோட்டம் 20 மில்லி ஆம்பியர். பொம்மை மோட்டாருக்கோ சில நூறு வேண்டும். கணக்கெழுதுபவரிடம் மூட்டையைத் தூக்கச் சொல்லலாகாது அன்றோ! ஆகவே சுமை தூக்க எல்-298 என்னும் மோட்டார் இயக்கி. மூன்றாவது, கண்ணுக்கு மாற்றாக மீயொலி உணரி.

அன்று மாலையே பற்றவைப்புக் கோலுடன் அமர்ந்துவிட்டேன். பேத்தி விளக்குப் பிடித்தாள். “அதைத் தொடாதே, சுடும். இந்தக் கம்பி அங்கே கூடாது. விளக்கை இப்படிச் சாய்.” ஒரு மணி நேரம் சென்றது. அவள் விளக்கை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

“தாத்தா, ரோபோ பண்ணலாம்னுதானே சொன்னேன்? இப்ப நான்தான் கார், நீங்கதான் ரிமோட்.”

கோபமின்றிச் சொன்னாள்; அதனாலேயே நெஞ்சில் தைத்தது. இக்குற்றம் எனக்குப் புதிதன்று. ஓவியம் பயில விரும்பிய என் மகனை, ‘பிழைக்க வந்த ஊரில் நிலையான வருவாயே முதன்மை’ என்று சொல்லிக் கணக்கியலில் சேர்த்தவன் நான். அவன் ஒருநாளும் என்னைக் குறை கூறியதில்லை. ஆனால் அவனுடைய வண்ணக் குழாய்கள் அதே பரணில்தான் உலர்ந்து கிடக்கின்றன.

மறுநாள் கோலை அவளிடம் கொடுத்தேன். சுடும் முனை எது என்பதையும் புகையை முகரலாகாது என்பதையும் மட்டும் சொல்லிவிட்டு நாளிதழை விரித்துக்கொண்டேன். ஓரெழுத்தும் கண்ணில் ஏறவில்லை. அவள் விரலில் ஒரு சிறு கொப்புளம் எழுந்தது. தண்ணீரில் நனைத்துக்கொண்டு மீண்டும் அமர்ந்தாள்.

கார் ஓடவில்லை. மோட்டார் புறப்படும்போதெல்லாம் பலகை மயங்கி, மீண்டும் தொடக்கத்திலிருந்து விழித்தது. மோட்டார் திடீரென மின்னோட்டத்தை இழுப்பதால் மின்னழுத்தம் தாழ்கிறது என்பது எனக்குத் தெரியும். நாவை அடக்கிக்கொண்டேன். மூன்றாம் நாள் அவளே அதைக் கண்டறிந்து, பலகைக்கும் மோட்டாருக்கும் தனித்தனி மின்கலம் வைத்தாள். இப்போது கட்டளையே போய்ச் சேரவில்லை. அவளாக வந்து கேட்டபோதுதான் வாய் திறந்தேன். இரு மின்கலங்களின் எதிர்முனைகளையும் ஒரே கம்பியால் இணைக்க வேண்டும். அதைத் ‘தரை’ என்போம். ஆற்றல் தனித்தனியாக இருக்கலாம். தரை பொதுவாக இல்லையேல் ஒன்றன் சொல் மற்றொன்றுக்கு விளங்காது.

அன்று மாலை அது ஓடியது. உணரி எழுப்பும் ஒலி வினாடிக்கு 40,000 அதிர்வு கொண்டது. நம் செவிக்கு எட்டாதது. 30 செ.மீ. தொலைவிலுள்ள சுவரில் பட்டு அது திரும்ப, வினாடியின் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட ஆவதில்லை. அந்நேரத்தை அளந்து, கார் நின்றது, பின்வாங்கியது, திரும்பிச் சென்றது. நாங்கள் கைதட்டி முடிப்பதற்குள், கொடியில் தொங்கிய என் மனைவியின் புடவைக்குள் புகுந்து சிக்கிக்கொண்டது. மென்துணி ஒலியை உறிஞ்சிவிடும், எதிரொலி வராது. “முன்னாடி ஒரு சுவிட்ச் வைக்கணும், முட்டினாத் தெரியறமாதிரி” என்றாள் பேத்தி. வால்டரின் ஆமைக்கும் அப்படியொன்று இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

இரவு அலுவலகத்திலிருந்து திரும்பிய என் மகன், காரைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “மேல்மூடி வெளுத்துப்போச்சே. வண்ணம் பூசலாமா?” என்று மகளைக் கேட்டான்.

“என்ன கலர்ப்பா?”

அவன் நெடுநேரம் யோசித்தான். எனக்கு ஒரு நிறம் தோன்றியது. பேசாதிருந்தேன்.