ஆணி அடிக்கக் கூடாத வீடு

“சார் இல்லீங்களா மேடம்?”

டிவியைச் சுவரில் மாட்ட வந்த தம்பி கேட்ட முதல் கேள்வி இது. பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை, சுவரைக்கூடப் பார்க்கவில்லை.

“சார் யாரும் இல்லை. எதுவானாலும் என்கிட்டயே சொல்லுங்க” என்றேன்.

சுவரைத் தட்டினார். டொக் டொக்கென்று சத்தம் வந்தது. இன்னும் இரண்டு இடங்களில் தட்டிவிட்டு, “இது சுவரே இல்ல மேடம், வெறும் போர்டு. 15 கிலோ தாங்காது. சாரை விட்டு ஓனர்கிட்ட பேசச் சொல்லுங்க” என்றார். ஒரு தாளில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். இல்லாத சார், ஓனரிடம் எப்படிப் பேசுவார்?

நானும் அம்மாவும் சென்னையில் ஒரு போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். முன்பு ஒரே வீடாக இருந்ததை ஓனர் நடுவில் போர்டு அடித்து இரண்டாக்கியிருக்கிறார். பக்கத்து போர்ஷன் அக்காவின் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று அம்மா எண்ணிச் சொல்வார். அவ்வளவு மெல்லிய தடுப்பு.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய், விழித்திரையைப் பாதித்திருக்கிறது. பழைய 32 அங்குல டிவியில் முகங்கள் தெரிவதில்லை. “இப்பப் பேசறது மாமியாரா, மருமகளா?” என்று என்னைக் கேட்பார். அதனால்தான் தவணையில் 55 அங்குல டிவி வாங்கினேன். அதை அம்மாவின் கட்டிலுக்கு எதிரே வைக்க வேண்டும். கால்மாட்டுக்கும் சுவருக்கும் நடுவே முக்கால் அடிதான் இடம், மேசை போட வழியில்லை. தலைமாட்டுப் பக்கம் குளியலறை வாசல், கட்டிலைப் பின்னால் நகர்த்தவும் முடியாது. சுவரில் மாட்டுவது ஒன்றுதான் வழி என்று நினைத்திருந்தேன்.

“இவ்வளவு பெருசு எதுக்கு?” என்று அலுவலகத்தில் கேட்டார்கள். அதற்கு ஒரு கதை இருக்கிறது.

2006 தேர்தலில் திமுக அறிவித்த இலவச வண்ணத் தொலைக்காட்சி எங்கள் ஊருக்கும் வந்தது. 14 அங்குலம். ரேஷன் அட்டை அப்பா பெயரில், டிவியும் அப்பாவின் நாற்காலிக்கு எதிரே. அம்மா பார்த்ததெல்லாம் அடுக்களை வாசலில் நின்றபடிதான். ஒரு கண் அடுப்பில், ஒரு காது டிவியில். முக்கியமான கட்டம் வரும்போது சரியாக அப்பா, “தண்ணி கொண்டா” என்பார். பாதி நாடகங்களை அம்மா காதால்தான் பார்த்திருக்கிறார். வயதான காலத்திலும் காதாலேயே பார்க்கக் கூடாது என்பது என் பிடிவாதம்.

ஓனருக்குப் போன் செய்தேன்.

“அக்ரிமெண்ட்ல தெளிவா இருக்கேம்மா, ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாதுன்னு.”

“போர்டுக்குப் பின்னால இரும்பு ஃபிரேம் இருக்கும் சார். அதுல ஸ்க்ரூ பண்ணலாமா?”

“அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா? தனியா இருக்கற பொம்பளைங்கன்னு பாவம் பாத்து வீடு குடுத்தேன்.”

பாவம் பார்த்தவர் ஆறு மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கியிருந்தார். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்கிற பெண், அந்த ‘வேறுவித ஒப்பந்தத்தில்’ கையெழுத்துப் போட்டுவிடுகிறாள். நானும் போட்டேன். “வீட்டுக்காரர் எங்கே?” “யாரெல்லாம் வந்து போவாங்க?” “ராத்திரி எத்தனை மணிக்கு வருவீங்க?” என்று ஏழு வீடுகளில் விசாரிக்கப்பட்ட பிறகு எட்டாவதாகக் கிடைத்த வீடு இது. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடிப்பார்கள். ஓட்டை இருந்தால் அதற்கும் சேர்த்து.

சரி, சுவர்களையாவது தெரிந்துகொள்வோம் என்று உட்கார்ந்தேன். நீங்களும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், இதில் ஒன்றும் வித்தையில்லை. தட்டினால் டொக்கென்று உள்ளே காலியாகக் கேட்பது போர்டு. ஒரு காந்தத்தைச் சுவரில் மெல்ல நகர்த்தினால், ஃபிரேமில் போர்டை இறுக்கியிருக்கும் ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் இழுக்கும். அந்த ஃபிரேமைப் பிடித்துத்தான் எதையும் மாட்டலாம், அதுவும் ஃபிரேம் கனமானதாக இருந்தால். செங்கல் சுவரில் துளையிட்டால் சிவப்பாகத் தூள் வரும். பூச்சைத் தாண்டி செங்கல்லுக்குள் பிளக் இறங்கினால்தான் பிடிமானம். பூச்சில் மட்டும் நின்றால் ஒருநாள் பிளக்கோடு பெயர்ந்துவிடும். இலேசான ஏஏசி பிளாக் என்றால் அதற்கென்று தனி பிளக் உண்டு.

எங்கள் அறையில் செங்கல் சுவர் ஒன்றே ஒன்று, குளியலறைப் பக்கம். ஓதம் ஏறி, நகத்தால் சுரண்டினாலே பூச்சு உதிர்ந்தது. மற்ற ஒன்றில் ஜன்னல், இன்னொன்றில் கதவு. நான்கு சுவர் இருந்தும் ஒரு டிவியைத் தாங்க ஒரு சுவர் இல்லை.

அன்று ராத்திரி அம்மா சொன்னார்: “விடு பாப்பா. நம்ம வீடா இருந்தா அடிச்சிக்கலாம்.”

நம்ம வீடு. எது நம்ம வீடு? அம்மா 31 வருஷம் கூட்டிப் பெருக்கிய வீடு தாத்தாவுடையது, பிறகு அப்பாவுடையது. இன்று அண்ணனுடையது. பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாடு 1989லேயே சட்டம் திருத்தியது. இந்தியா முழுக்க அது 2005இல் வந்தது. எனக்கு இதெல்லாம் தெரியும். இருந்தும் அப்பா இறந்த மறு வருஷம் சார்பதிவாளர் அலுவலகத்தில் அம்மாவும் நானும் விரல் ரேகை வைத்து, அண்ணனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். “கூடப் பிறந்தவன்கிட்டயா கணக்குப் பாக்குறது?” என்று அத்தை கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பத்திரத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். பங்கிலிருந்து எங்களுக்கு விடுதலை. இரண்டே வருஷத்தில் அண்ணிக்கும் அம்மாவுக்கும் ஒத்துவராமல், அம்மா ஒரு பையோடு என்னிடம் வந்தார்.

பிறந்த வீட்டில், “இன்னொருத்தன் வீட்டுக்குப் போறவ” என்றார்கள். புகுந்த வீட்டில், “இது உன் அப்பன் வீடு இல்ல” என்றார்கள். அங்கிருந்து வெளியேறி நான்கு வருஷம் ஆகிறது. வாடகை வீட்டில்தான் முதல்முறையாக அதை எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள்: ஆணி அடிக்கக் கூடாது.

சுவர் வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டேன். டிவியின் பின்னால் நான்கு துளைகள், குறுக்கே 40 சென்டிமீட்டர், நெடுக்கே 20. சுவரோரமாக இரண்டு இரும்புக் கம்பங்கள். அவற்றின் அடியிலிருந்து இரண்டரை அடி நீளத்துக்கு இரண்டு கால்கள், தரையோடு தரையாகக் கட்டிலுக்கு அடியில் போய்விடும். எடை கால்களுக்கு மேலேயே இறங்குவதால் முன்னால் சாயாது. பின்னால் சாய இடமே இல்லை. அம்மாவின் வாக்கர் போகிற வழியில் எதுவும் இல்லை.

தெருமுனை வெல்டிங் பட்டறைக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “யார் போட்டுக் குடுத்தாங்க?”

“நான்தான்.”

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு, “கால ரெண்டே முக்கால் அடியா வெச்சிக்கலாம், இன்னும் ஸ்ட்ராங்கா நிக்கும். போல்ட் போட்டுத் தர்றேன், வீடு மாத்துனா கழட்டிக்கலாம்” என்றார். ‘சார்’ பற்றிக் கேட்காத ஒரே ஆள் அவர்தான். 3,800 ரூபாய் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து போர்ஷன் அக்காவைக் கூப்பிட்டேன். 55 அங்குலத்தை ஒருவராகத் தூக்கக் கூடாது, திரை வளைந்து விரிசல் விடும். அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நான்கு போல்ட்டையும் முடுக்கி முடித்ததும் அக்கா கம்பத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. “இதுக்கா ஆம்பளை இல்லையான்னு கேட்டாங்க?” என்று சிரித்தவர், போகும்போது அந்தக் காலண்டர் தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

ஒரு ஸ்டாண்டு செய்ததால் எனக்கு வீடு கிடைத்துவிடவில்லை. எழுதிக் கொடுத்த பங்கும் திரும்பி வராது. உங்களிடம் ஒரு தாளை நீட்டி, “சும்மா ஒரு கையெழுத்து” என்று யாராவது சொன்னால், அத்தைகள் என்ன சொன்னாலும், ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். அந்த ஒரு நாளை நான் கேட்கவில்லை.

அன்று மாலை அம்மா தலையணையில் சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்து நாடகம் பார்த்தார். மாமியார் யார், மருமகள் யார் என்று என்னைக் கேட்கவில்லை. நான் அடுக்களையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“பாப்பா, கொஞ்சம் தண்ணி கொண்டா” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அம்மா யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அடுப்பைக் குறைத்துவிட்டு, சொம்பு நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.